அஞ்சு மாசமா நான் எழுதின லவ் லெட்டரெல்லாம் தாத்தாவுக்குப் போயிருக்கு அக்கா

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம்.

இத யார்கிட்டயும் சொல்ல முடியல. ஒரே ஒரு பிரெண்டுகிட்ட சொன்னேன், அவன் பாதிலயே சிரிக்க ஆரம்பிச்சு இன்னும் நிறுத்தல, அதான் உங்களுக்கு எழுதறேன். நீங்களும் சிரிச்சா பரவால்ல, சிரிச்சு முடிச்சிட்டு பதில் சொல்லுங்க ப்ளீஸ்.

எனக்கு 31 வயசு. சின்ன ஊர் ஒண்ணுல லைப்ரரில வேலை பாக்கறேன். எவ்ளோ சின்ன ஊர்னா, புதுச் செருப்பு போட்டுக்கிட்டு போனா தெருமுனைக்குள்ள நாலு பேர் கடிக்குதான்னு கேப்பாங்க. லைப்ரரில மொத்தம் ரெண்டே பேர்தான், நானும் மேடமும். மேடத்துக்கு 56 வயசு, கணவர் தவறி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, கவுன்டர்ல உக்காந்து முத்திரை போடறது பதிவேடு எழுதறதெல்லாம் அவங்க. புத்தகம் தேடி எடுத்துக் குடுக்கறது, திரும்பி வந்தத அடுக்கறது, கிழிஞ்சத ஒட்டறதெல்லாம் நான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனா ஒரு பொண்ணு வருவாங்க. சாம்பல் கலர் பை, சிவப்புக் குடை, வெயிலோ மழையோ குடை இருக்கும். வந்ததும் கைல இருக்கற சின்னப் பேப்பரப் பாத்து புத்தகம் கேப்பாங்க. என்ன புத்தகம்னா பழைய பயணக் கட்டுரை, ரயில் பாதை போட்ட வரலாறு, அணை கட்டின கதை. அந்த அலமாரிய யாருமே தொட மாட்டாங்க அக்கா, தூசி தட்டறப்போ நான் மட்டும் நின்னுக்கிட்டே படிப்பேன். இந்தக் காலத்துல ரயில் பாதை போட்ட கதைய தேடி வந்து எடுக்கற ஒரு பொண்ணான்னு எனக்கு அப்பவே மனசு போயிடுச்சு. அவங்க பேரு, என்னிக்கு புத்தகம் திருப்பித் தரணும் எல்லாம் பதிவேட்டுல பாத்து வெச்சுக்குவேன், தேதி தாண்டினா எனக்குத்தான் படபடப்பா இருக்கும்.

நேர்ல பேச வாய் வரல. அதனால ஒரு வேலை பண்ணேன். கிழிஞ்ச புத்தகத்துலேருந்து கழட்டின பழைய தேதிச் சீட்டு எங்ககிட்ட கட்டுக்கட்டா கிடக்கும், முன்பக்கம் வரிசையா தேதி முத்திரை, பக்கத்துல மேடத்தோட இனிஷியல், பின்பக்கம் காலி. பேப்பர் ஏன் வீணாகணும்னு அத நீளமா வெட்டி பின்பக்கத்துல பென்சில்ல ரெண்டு வரி எழுதுவேன் (பேனான்னா மை புத்தகத்துல இறங்கிடும்). எங்க புத்தகம் எல்லாத்துலயும் நடுவுல ஒரு குறிப்பிட்ட பக்கத்துல பதிவு நம்பர் எழுதியிருப்போம், அட்டையும் முதல் பக்கமும் போயிட்டாலும் நம்ம புத்தகம்னு கண்டுபிடிக்கறதுக்கு. அந்தப் பக்கத்துல சீட்ட வெச்சுக் குடுத்துடுவேன்.

முதல் சீட்டுல “இந்த ஆசிரியர் மலையப் பத்தி எழுதறப்போ நிதானமா எழுதறாரு, மனுஷங்களப் பத்தி எழுதறப்போ அவசரப்படறாரு, உங்களுக்கு அப்படி தோணுச்சா?”ன்னு எழுதினேன். பேர் போடல. எதுக்குப் பேர், புத்தகத்த எடுத்துக் குடுக்கறதே நான்தான, லேசா சிரிச்சுக்கிட்டே வேற குடுக்கறேன், தெரியாமலா போகும்.

அடுத்த வாரம் புத்தகம் திரும்பி வந்துச்சு. அதே பக்கம். பென்சில்லயே பதில். “மலை திரும்பிப் பேசாது, அவருக்கு வசதி. மனுஷன் பேசிடுவானே.”

அக்கா, அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல.

இப்படியே அஞ்சு மாசம் போச்சு. வந்த பதில்ல சிலத அப்படியே எழுதறேன், எவனா இருந்தாலும் என்ன நெனப்பான்னு நீங்களே சொல்லுங்க.

“இப்பல்லாம் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் உங்க சீட்ட எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

“எழுதறப்போ கை நடுங்குது. தப்பா எடுத்துக்காதீங்க.”

“உங்க எழுத்தப் படிச்சா கண்ணுல தண்ணி நிக்காம வருது.”

“பசியே எடுக்கறதில்ல. நெஞ்சு வேற சில நேரம் படபடன்னு அடிச்சுக்குது.”

ஒரு தடவ “இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கு?”ன்னு வந்துச்சு. எதிர்காலத்தப் பத்தி விசாரிக்கறாங்கன்னு நான் பறந்துட்டேன். “அத எண்ணல, சனிக்கிழமைகள மட்டும்தான் எண்ணிக்கிட்டிருக்கேன்”னு பதில் போட்டேன். இன்னொரு தடவ “இன்னும் கொஞ்சம் பெருசா எழுதக் கூடாதா?”ன்னு கேட்டாங்க. மனசத் தொறந்து நிறைய எழுதச் சொல்றாங்கன்னு நெனச்சு, மூணு சீட்ட ஒட்டி, குட்டிக் குட்டி எழுத்துல நெருக்கி நெருக்கி எழுதிக் குடுத்தேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. “சின்ன வயசுல தண்டவாளத்து ஓரமா நின்னு கூட்ஸ் வண்டிப் பெட்டிய எண்ணுவேன். 42 வரைக்கும் எண்ணியிருக்கேன். ஆனா எண்ணிக்கை பெருசில்ல, கடைசிப் பெட்டி போனதும் ஒரு அமைதி வரும் பாருங்க, அதுக்காகத்தான் நிப்பேன்.” இத எத்தன தடவ படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. நானும் அப்படி நின்னவன்தான் அக்கா.

கடைசில தைரியம் வந்து, “ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு பார்க்ல மணிக்கூண்டு பக்கத்து பெஞ்ச்ல இருப்பேன், நேர்ல சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு”ன்னு எழுதினேன். பதில் வந்துச்சு. “வர்றேன். ரொம்ப நேரம் நிக்க முடியாது.” யாராவது பாத்துடுவாங்கன்னு பயப்படறாங்க போலன்னு நெனச்சேன்.

ஒன்பதே முக்காலுக்கே போய் உக்காந்துட்டேன். நீல சட்டை. பத்து மணிக்கு கேட்டுக்கிட்ட சிவப்புக் குடை தெரிஞ்சுது, எனக்கு காது ரெண்டும் அடைச்சுக்கிச்சு. கிட்ட வர வரதான் பாக்கறேன், அவங்க கையப் புடிச்சுக்கிட்டு ஒரு தாத்தா. வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கொஞ்சம்கூட கலையல, அப்பதான் ஷேவ் பண்ணிட்டு வந்திருக்காரு, தாடைல பிளேடு வெட்டுன இடத்துல பேப்பர் துணுக்கு ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. கக்கத்துல ஒரு ஃபைல்.

தாத்தா என்னப் பாத்தாரு. எனக்குப் பின்னாடி பாத்தாரு. பக்கத்து பெஞ்சப் பாத்தாரு. “மேடம் வரலையா?”ன்னாரு. எந்த மேடம்னு எனக்கு ஓடல, வயசானவரு ஏதோ குழப்பத்துல கேக்கறாருன்னு விட்டுட்டேன்.

அதுக்குள்ள அவங்க, “அட சார், நீங்களா அது!”ன்னு ஆரம்பிச்சாங்க, நான் வாயத் தொறக்கவே இல்ல. “தாத்தாவுக்கு லைப்ரரில ஒரு பிரெண்டு இருக்காங்கன்னு தெரியும் சார், யாருன்னு கேட்டா சொல்லவே மாட்டாரு. லைப்ரரில யாரு இருக்காங்கன்னு ஒருநாள் என்னக் கேட்டாரு, ஒரு மேடம் இருக்காங்கன்னு சொன்னேன், பாருங்க உங்கள சொல்லவே தோணல. கண்ணு ஆபரேஷன் ஆனதுலேருந்து சின்ன எழுத்து தெரியாது, உங்க சீட்ட மட்டும் பூதக்கண்ணாடி வெச்சு படிப்பாரு. எனக்கெல்லாம் புக்கு புடிச்சு உக்கார பொறுமையே இல்ல, அவரு எழுதிக் குடுக்கற லிஸ்ட்ட கொண்டுவந்து நீட்டறதோட சரி.” அப்புறம் “ரொம்ப தேங்க்ஸ் சார்”னு சொல்றப்போ அவங்களுக்கு குரல் கம்மிடுச்சு. நான் தலையாட்டினேன். வேற என்ன பண்ணட்டும்.

தாத்தா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் “சரி உக்காரு தம்பி”ன்னாரு. ஃபைலத் தொறந்து காட்டுனாரு, என் சீட்டெல்லாம் தேதி வாரியா ஒட்டி வெச்சிருக்காரு, ஆனா முத்திரை இருக்கற பக்கம் மேல தெரியுது, என் எழுத்து அடில. ஒட்டறப்போ திருப்பி ஒட்டிட்டாரு போல. அரை மணி நேரம் ரயிலப் பத்தி பேசினோம்.

இது நடந்து மூணு வாரம் ஆச்சு. இப்ப அவங்க என்ன எங்க பாத்தாலும் நின்னு பேசறாங்க, வயசானவங்களுக்கு நேரம் ஒதுக்கற நல்ல மனுஷன்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க. இன்னும் சார்னுதான் கூப்பிடறாங்க, ஆனா எந்த நிமிஷம் ‘அண்ணா’ வந்து விழுமோன்னு வயித்தக் கலக்குது. ஊர்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு. எங்களுக்குள்ள எல்லாம் முடிவாயிடுச்சுன்னு ஒரு கட்சி, தாத்தாவோட வீட்டுக்கு நான் அடி போடறேன்னு இன்னொரு கட்சி. தாத்தா இப்ப தினமும் லைப்ரரிக்கு வந்துடறாரு, கவுன்டருக்கு எதிர் நாற்காலில உக்காந்து பேப்பர் படிக்கறாரு, ஜன்னல் ஓரம் வெளிச்சமா இருக்கும் தாத்தா அங்க உக்காருங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு. நான் எழுதறத நிறுத்திட்டேன். போன வாரம் புத்தகத்துல அவரு சீட்டு இருந்துச்சு, “ஏன் எழுதறதில்ல?”ன்னு மட்டும். அது என் சட்டைப் பைலயே இருக்கு.

நான் பண்ணாத நல்ல காரியத்துக்கு பாராட்டு வாங்கிக்கிட்டு நிக்கறேன் அக்கா. உண்மையச் சொன்னா தாத்தா மனசு உடஞ்சிடும், அவங்க முகத்துலயே முழிக்க முடியாது. சொல்லலன்னா நான் ஒரு ஃபிராடு. அவங்ககிட்ட காதலச் சொல்றதா வேணாமா? எப்படிச் சொல்றது?

பதில்:

தம்பி, சிரிச்சேன். மூணு சீட்ட ஒட்டி குட்டி எழுத்துல எழுதினேன்னு வந்த இடத்துல எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்துதான் மிச்சத்தப் படிச்சேன். நீங்க சொன்ன மாதிரியே சிரிச்சு முடிச்சிட்டுதான் எழுதறேன்.

காதல் பேச்செல்லாம் அப்புறம். தூக்கம் வரல, பசியில்ல, கை நடுங்குது, கண்ணுல தண்ணி, நெஞ்சு படபடக்குது. இத காதல்னு படிச்சா காதல், வயசுன்னு படிச்சா வயசு, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதுல நீங்க ஏமாந்தது தப்பில்ல. வயசானா தூக்கம் முன்கூட்டியே கலையறது சகஜம், ஆபரேஷன் பண்ண கண்ணுல தண்ணி வர்றதும் நடக்கறதுதான். ஆனா விடியக்காத்தால முழிப்பு, பசியின்மை, கண் கலங்கறது எல்லாம் சேந்து ஒரு வயசானவருக்கு இருந்தா எங்க தொழில்ல இன்னொண்ணையும் யோசிப்போம், மனச்சோர்வு. நெஞ்சு படபடப்ப ஒரு டாக்டர் பாத்தே ஆகணும். அவரு இதெல்லாம் வீட்ல வாயத் தொறந்து சொல்லியிருக்க மாட்டாருன்னு எனக்கு பலமா தோணுது, உங்களுக்கு மட்டும்தான் எழுதியிருக்காரு. நீங்களோ அஞ்சு மாசமா அத கவிதையாப் படிச்சிருக்கீங்க. அதனால முதல்ல அவருகிட்டயே “பேத்திகிட்ட இத சொன்னீங்களா, டாக்டரப் பாத்தீங்களா”ன்னு கேளுங்க, அவரு மழுப்பினா பேத்திகிட்ட நீங்க சொல்லுங்க. இதுக்கு மட்டும் நல்ல நேரம் பாக்காதீங்க.

இப்ப உங்க விஷயம். உங்க கடிதத்த ரெண்டாவது தடவ ஒரு பேனாவோட படிச்சேன். அந்தப் பொண்ணப் பத்தி உங்களுக்கு என்னென்ன தெரியும்னு அடிக்கோடு போட்டுப் பாத்தேன். சாம்பல் பை. சிவப்புக் குடை. சனிக்கிழமை நாலு மணி. பொறுமையில்ல, புத்தகம் படிக்க மாட்டாங்க, படபடன்னு பேசுவாங்க, தாத்தா மேல உயிர். அவ்ளோதான். அதுலயும் பாதி பார்க்ல அந்த அரை மணி நேரத்துல தெரிஞ்சுகிட்டது. மிச்சம் நீங்க எதையெதை நெனச்சு உருகறீங்களோ, மலை திரும்பிப் பேசாதுன்னு சொன்னது, கடைசிப் பெட்டி போனப்புறம் வர்ற அமைதி, அந்த அலமாரி, எல்லாமே தாத்தா. நீங்க காதலிச்ச ஆளுக்கு முகம் பேத்தியோடது, மனசு தாத்தாவோடது. அப்படி ஒரு ஆள் ஊர்லயே இல்ல தம்பி.

டாரதி டென்னாவ்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1970கள்ல இந்த மாதிரி நிலைக்கு லிமரன்ஸ்னு பேர் வெச்சாங்க. எந்நேரமும் அந்த ஆள் நெனப்பாவே இருக்கறது, அவங்க சாதாரணமா பண்ற காரியத்துலயும் நமக்கு ஒரு சேதி இருக்கறதா தேடறது. நம்பிக்கையும் சந்தேகமும் பாதிக்குப் பாதி இருக்கறப்போதான் அது நல்லா கொழுந்து விட்டு எரியும்னு சொன்னாங்க. வாரத்துக்கு ஒரு சீட்டு, அதுல பேரில்ல, ரெண்டே வரி. இதவிட நல்ல விறகு எங்க கிடைக்கும் சொல்லுங்க. அவங்க தினமும் வந்து உங்க எதிர்ல உக்காந்து அரை மணி நேரம் பேசிட்டுப் போயிருந்தா ரெண்டே வாரத்துல உங்களுக்கு தெளிஞ்சிருக்கும், பிடிக்குதா இல்லையான்னு.

இதனால அந்தப் பொண்ண உங்களுக்குப் பிடிக்காதுன்னு நான் சொல்லல. பிடிக்கலாம். படிக்காதவங்களோட படிக்கறவங்க சந்தோஷமா இருந்ததில்லையா என்ன. இப்போதைக்கு உங்களுக்குத் தெரியாதுன்னுதான் சொல்றேன்.

“தெரியாமலா போகும்”னு எழுதியிருந்தீங்க. எனக்கு அந்த ஒரு வார்த்தைலயே முழுக்கதையும் இருக்கு. 1990ல ஸ்டான்ஃபோர்டுல எலிசபெத் நியூட்டன்னு ஒரு ஆராய்ச்சி மாணவி ஒரு சோதனை பண்ணாங்க. ஒருத்தர் எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்ட மனசுல பாடிக்கிட்டே மேஜைல விரலால தட்டணும், எதிர்ல இருக்கறவரு என்ன பாட்டுன்னு சொல்லணும். தட்டினவங்க பாதிக்குப் பாதி கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நெனச்சாங்க. 120 பாட்டு தட்டினதுல கண்டுபிடிச்சது வெறும் 3. ஏன்னா தட்டறவனுக்கு உள்ள முழுப் பாட்டும் ஓடுது, கேக்கறவனுக்கு மேஜைச் சத்தம்தான். நீங்க லேசா சிரிச்சுக்கிட்டே புத்தகம் நீட்டினது இருக்கே, அது மேஜைல தட்டினதுதான். உங்களுக்குள்ள கச்சேரியே நடந்துச்சு. அவங்களுக்கு லைப்ரரில ஒருத்தர் புத்தகம் எடுத்துக் குடுத்தாரு, அவ்ளோதான். லைப்ரரில யாரு இருக்காங்கன்னு கேட்டப்போ உங்க ஞாபகமே வராத அளவுக்கு. வலிக்கும், ஆனா அவங்க தப்பு இல்ல அது.

கூச்ச சுபாவக்காரங்களுக்கு இதுல இன்னொரு சிக்கலும் உண்டு. கனடால ஜாக்கி வோராவர்னு ஒரு உளவியலாளரும் கூட இருந்தவங்களும் 2003ல எழுதினாங்க. வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயப்படறவங்க, தாங்க காட்டற சின்ன ஜாடை உண்மைல இருக்கறதவிட பெருசா தெரியும்னு நம்பறாங்களாம். எனக்கு கூச்சம்னு அவங்களுக்குப் புரியும், அதனால என் ஒரு சிரிப்ப நூறு சிரிப்பா எடுத்துப்பாங்கன்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்கு உங்க மண்டைக்குள்ள மட்டும்தான் ஓடுது. எழுத்துன்னா கதை இன்னும் மோசம். 2005ல ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி இவங்கல்லாம் ஈமெயில வெச்சுப் பாத்தாங்க, இது கிண்டலா சீரியஸான்னு படிக்கறவங்க நூத்துக்கு 78 தடவ சரியா புரிஞ்சுப்பாங்கன்னு எழுதினவங்க நெனச்சாங்க, நடந்தது 56. காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். அதுவும் அனுப்பினது யாருன்னு தெரிஞ்ச ஈமெயில். உங்க சீட்டுல பேரே இல்லயே.

இல்ல, தப்பா சொல்லிட்டேன். பேர் இருந்துச்சு.

தம்பி, உங்க சீட்ட ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்க. நீங்க எழுதினது பின்பக்கம். முன்பக்கம் யாரோட இனிஷியல்?

அந்தத் தாத்தா எடத்துல இருந்து பாருங்க. ஒரு புத்தகம் வருது, லைப்ரரிக்காரங்களுக்கு மட்டுமே முக்கியமான அந்தப் பக்கத்துல ஒரு சீட்டு, ஒரு பக்கம் ரசனையா ரெண்டு வரி, மறுபக்கம் ஒரே கையெழுத்துல வரிசையா இனிஷியல். பேத்திகிட்ட கேக்கறாரு அங்க யாரு இருக்காங்கன்னு. ஒரு மேடம் இருக்காங்கன்னு பதில் வருது. அவரு வேற யார நெனப்பாரு? இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் பாக்கின்னு 31 வயசுப் பையன்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க, ரிட்டயர்மென்ட் பக்கத்துல வந்துட்டவங்ககிட்டதான் கேப்பாங்க. அதுக்கு நீங்க சனிக்கிழமைகள எண்ணிக்கிட்டிருக்கேன்னு வேற பதில் போட்டிருக்கீங்க. முத்திரைப் பக்கம் தெரியற மாதிரி ஒட்டினது கண்ணு தெரியாம இல்ல. அவருக்கு அதுதான் முன்பக்கம்.

அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை. ஷேவ் பண்ணதுல அவசரத்துல தாடைய வெட்டிக்கிட்டு, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கிட்டு வந்து, உங்களுக்குப் பின்னாடி பாத்து, பக்கத்து பெஞ்சப் பாத்து, மேடம் வரலையான்னு கேட்டாரு. வயசானவர் குழப்பம்னு நீங்க ஒரே வரில தாண்டிப் போயிட்டீங்க. அன்னிக்கு அந்த பெஞ்ச்ல ஏமாந்தது ரெண்டு பேரு. நீங்க ஒருத்தர மட்டும்தான் எண்ணியிருக்கீங்க. ஆனா அவரு என்ன பண்ணாரு பாருங்க, கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு “உக்காரு தம்பி”ன்னு சொல்லி உங்ககூட அரை மணி நேரம் ரயிலப் பத்திப் பேசியிருக்காரு. பெரிய மனுஷன்.

இப்ப கண்ணு சரியில்லாத ஒருத்தரு வெளிச்சம் வர்ற ஜன்னல விட்டுட்டு கவுன்டருக்கு எதிர்ல உக்காந்து பேப்பர் படிக்கறாரு. அவரு பேப்பரா படிக்கறாரு? எழுதினது மேடம்தான், பையன் சும்மா தூது வந்தான்னு அவரு இன்னும் நெனச்சுக்கிட்டிருக்கலாம். இல்ல விஷயம் புரிஞ்சும் அஞ்சு மாசப் பழக்கத்துல கண்ணு அந்தப் பக்கமே போகுதோ என்னமோ. எதுன்னு இங்கேருந்து என்னால சொல்ல முடியாது, அவருகிட்ட நீங்கதான் கேக்கணும்.

அதனால உங்க கேள்விய கொஞ்சம் மாத்திக்கறேன். யார்கிட்ட முதல்ல உண்மையச் சொல்றதுன்னா, தாத்தாகிட்டதான். பேத்தி இல்லாதப்போ, லைப்ரரிக்கு வெளில, உக்காந்து பேசற மாதிரி ஒரு இடத்துல. உங்க பேத்தி படிக்கறாங்கன்னு நெனச்சு எழுதினேன், நீங்கன்னு தெரியாது, ஆனா உங்க பதில் ஒவ்வொண்ணுக்கும் நான் காத்திருந்தது நிஜம்னு சொல்லுங்க. அது நிஜம்தான? முதல் ரெண்டு சீட்டு பொண்ணுக்கு எழுதினதா இருக்கலாம், அதுக்கப்புறம் நீங்க எழுதினதெல்லாம் அவரு சொன்னதுக்குப் பதில். அந்த அளவுல நீங்க ஃபிராடு இல்ல, பாராட்டுல பாதிய வெச்சுக்கலாம். அவரு மனசு உடஞ்சிடும்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. உடஞ்சா அது அந்த ஞாயித்துக்கிழமையே உடஞ்சிருக்கும், அதுக்கப்புறமும் “ஏன் எழுதறதில்ல”ன்னு உங்களுக்குத்தான எழுதியிருக்காரு. கோபப்பட்டா கேட்டுக்கோங்க, அவருக்கு அந்த உரிமை இருக்கு.

மேடம் விஷயத்த அவரு சம்மதம் இல்லாம வெளில விடக்கூடாது, அது அவரோட ரகசியம். மேடத்துகிட்ட உங்க பங்க மட்டும் சொல்லுங்க, உங்க இனிஷியல் இருக்கற பழைய சீட்டுல நான் எழுதி புத்தகத்துல வெச்சேன், தப்புதான்னு. திட்டுவாங்க, வாங்கிக்கோங்க, அவங்க பேரு அவங்களுக்கே தெரியாம அஞ்சு மாசமா ஒரு வீட்டுக்குள்ள போயிட்டு வந்திருக்கு. அதுக்கு மேல தாத்தாவா கவுன்டர்கிட்ட போய் வணக்கம் சொல்றதா இருந்தா அவரே சொல்லிக்கட்டும். உங்கள மாதிரி இல்ல, நேர்ல வந்து உக்காந்திருக்காரு பாருங்க.

ஒரு விஷயத்துக்கு உங்க காதத் திருகணும். பதிவேட்டுல அவங்க பேரு, தேதியெல்லாம் பாத்து வெச்சுக்கிட்டேன்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தர் என்ன படிக்கறாங்க எப்ப வருவாங்கன்னு உங்க வேலையால உங்களுக்குத் தெரிய வருது, சொந்த விஷயத்துக்கு அதத் தொடாதீங்க. இதே காரணத்துக்காக லைப்ரரிக்குள்ள காதலும் சொல்லாதீங்க. அவங்க வேணாம்னு சொன்னா அடுத்த சனிக்கிழமை தாத்தாவுக்குப் புத்தகம் எடுக்க எங்க போவாங்க? ஊருக்கே ஒரு லைப்ரரிதான்.

பேத்திகிட்ட, தாத்தாகிட்ட பேசின அடுத்த நாளே போய் உண்மைய மட்டும் சொல்லுங்க, சீட்டெல்லாம் உங்களுக்குன்னு நெனச்சு எழுதினேன், அது தாத்தாவுக்குப் போனது தெரியாது, பாராட்டறப்போ சொல்லாம நின்னதுக்கு மன்னிச்சுக்கோங்கன்னு. அவ்ளோதான். அதே மூச்சுல காதலிக்கறேன், யோசிச்சு சொல்லுங்கன்னு ஆரம்பிக்காதீங்க. அவங்க சிரிக்கலாம், கோவப்படலாம், உங்க பிரெண்டு மாதிரி சிரிக்க ஆரம்பிச்சு நிறுத்தாமயே போகலாம். அதுக்கப்புறமும் தெருவுல நின்னு பேசினாங்கன்னா பேசுங்க, அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேளுங்க, ரயிலப் பத்தி பேசாதீங்க. கொஞ்ச நாள் கழிச்சும் சிவப்புக் குடைய எதிர்பாத்துக்கிட்டு நின்னீங்கன்னா அப்ப நேரடியா, அவங்களால சுலபமா வேணாம்னு சொல்ல முடியற மாதிரி ஒரு வரில கேளுங்க. “அண்ணா” வந்து விழுந்துச்சுன்னா அதுவும் ஒரு பதில்தான், குறைஞ்சபட்சம் பேர் போட்ட பதில்.

ஊர்ல ரெண்டு கட்சின்னு எழுதியிருந்தீங்க. ஊர்வாய மூட உலைமூடி இல்ல. உண்மை தெரிஞ்சா மூணாவது கட்சி ஒண்ணு ஆரம்பிப்பாங்க, அது இன்னும் சுவாரஸ்யமா இருக்கும், விடுங்க.

சட்டைப் பைல இருக்கற சீட்டுக்கு இன்னிக்கே பதில் எழுதிடுங்க, எங்க எப்ப பாக்கலாம்னு கேட்டு. தேதிச் சீட்டு வேணாம், ஒரு முழு வெள்ளைத்தாள் எடுங்க. முதல் வரில உங்க பேரு. பேனாலயே எழுதுங்க, இந்தத் தடவ புத்தகத்துல வெக்கப் போறதில்ல, கைல குடுக்கப் போறீங்க. எழுத்து நல்லா பெருசு பெருசா இருக்கட்டும், அவரு எப்பவோ கேட்டாரு.